ஹுலான் ஏந்திய கொடி

கேள்வி இதுதான்: "மங்கோலியாவிலிருந்து ஒருவர்கூட என்.பி.ஏ.வில் ஆடியதில்லை என்கிறார்கள். அப்படியிருக்க, அந்த நாட்டில் கூடைப்பந்தையே தொழிலாக வைத்துப் பிழைக்க முடியுமா? முடியும் என்றால் அந்த விளையாட்டு வாழ்க்கை எப்படி இருக்கும்? யாராவது ஒருவரை வைத்துச் சொல்லுங்கள்."

முடியும். நான் சொல்லப்போவது ஹுலான் ஓனோல்பாதர் என்ற பெண்ணைப் பற்றி. டோக்கியோ ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் மங்கோலியக் கொடியைப் பிடித்து நடந்த இருவரில் ஒருவர் அவர். அணிக்கு மூன்று பேராக ஆடும் மூவர் கூடைப்பந்தின் வீராங்கனை. வழக்கமான ஐவர் ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு குறைவு. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன் கேள்வியில் ஒரு சின்னத் திருத்தம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் மங்கோலிய இனத்தவர் ஒருவர் ஆடியிருக்கிறார். பெயர் மெங்கே பாதர். 2 மீட்டர் 11 சென்டிமீட்டர் உயரம். 2002இல் டென்வர் நகெட்ஸ் அணிக்குப் போனார், அடுத்த பருவத்தில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், அப்புறம் டொராண்டோ. 2003இல் ஸ்பர்ஸ் பட்டம் வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். ஆனால் அவர் பிறந்தது சீனாவுக்குள் இருக்கும் உள் மங்கோலியாவில். ஆடியது சீனாவின் தேசிய அணிக்கு. உலான்பாதரைத் தலைநகராகக் கொண்ட மங்கோலியா நாட்டிலிருந்து என்.பி.ஏ.வுக்கு யாரும் போகவில்லை என்பது சரிதான்.

பெயர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வராது. மங்கோலியர்களுக்குக் குடும்பப் பெயர் போட்டு அழைக்கும் வழக்கம் இல்லை. நாம் இனிஷியல் வைத்துக்கொள்வது போல அப்பாவின் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆக, ஹுலான் என்பது அவருடைய பெயர், ஓனோல்பாதர் அவருடைய அப்பா பெயர். 'ஹுலான்' என்றால் கோபிப் பாலைவனப் பக்கம் கூட்டமாகத் திரியும் காட்டுக்கழுதை. வேகத்துக்குப் பேர்போன விலங்கு. செங்கிஸ்கானின் மனைவியரில் ஒருவருக்கும் இதே பெயர். 'பாதர்' என்றால் வீரன். 'உலான்பாதர்' என்றால் செவ்வீரன். நம் ஊர்ப் பழைய பட்டங்களில் வரும் 'பகதூர்' இந்தச் சொல்லுக்கு உறவுதான். கூடைப்பந்துக்கு மங்கோலிய மொழியில் 'சக்சன் போம்போக்' என்கிறார்கள். 'சக்ஸ்' என்றால் கூடை, 'போம்போக்' என்றால் பந்து. நாம் சொல்வதேதான்.

சரி, டோக்கியோவுக்கு வருவோம்.

2021 ஜூலை 23. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போன ஒலிம்பிக். பார்வையாளர்களே இல்லாத அரங்கம். மங்கோலியாவின் முறை வந்தபோது ஜூடோ வீரர் டூரென்பயாரும் ஹுலானும் கொடியோடு நடந்தார்கள். மங்கோலியா ஒலிம்பிக்கில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1964இல். கோடைக்கால ஒலிம்பிக் அந்த வருடம் நடந்ததும் இதே டோக்கியோவில்தான். அன்றிலிருந்து மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ, துப்பாக்கி சுடுதல் என்று தனியாள் போட்டிகளில்தான் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோடைக்கால ஒலிம்பிக்கில் ஓர் அணி விளையாட்டுக்கு மங்கோலியா தகுதி பெற்றது அதுவே முதல் முறை. ஐம்பத்தேழு வருடம் கழித்து, அதே ஊரில். அந்த அணி பெண்கள் அணி. கொடியை ஹுலான் கையில் கொடுத்ததற்கு அர்த்தம் அதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? மங்கோலியாவின் பரப்பு இந்தியாவில் ஏறக்குறைய பாதி. மக்கள்தொகை 35 லட்சம் அளவில்தான். அதிலும் கிட்டத்தட்ட பாதிப் பேர் உலான்பாதரில். மீதிப் பேர் புல்வெளியிலும் மலையடிவாரத்திலும் சிதறிக் கிடக்கிறார்கள். பக்கத்து ஊருக்குப் போக நூறு கிலோமீட்டர் கடக்க வேண்டியிருக்கும் நாட்டில் பதினொரு பேரைச் சேர்த்து ஒரு கால்பந்து அணியை வருடம் முழுக்கப் பழக்குவது எளிதில்லை. உலகின் தலைநகரங்களிலேயே கடும் குளிர் அடிப்பது உலான்பாதரில்தான். ஜனவரியில் இரவு வெப்பநிலை மைனஸ் 30ஐத் தொடும். வருடத்தில் பாதி நாள் வெளியே ஆட முடியாது. அவர்களுடைய மரபான விளையாட்டுகளும் மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை. ஜூலையில் நடக்கும் நாதம் திருவிழாவே இந்த மூன்றையும் வைத்துத்தான்.

மங்கோலிய விளையாட்டு வீரர் வெளிநாட்டில் போய்ப் பேர் வாங்கினார் என்றால் அது பெரும்பாலும் மல்யுத்தம் போட்டுத்தான். ஜப்பானின் சுமோவில் அசாஷோர்யூ, ஹகுஹோ போன்றவர்கள் உச்சப் பட்டமான யோகோசுனா ஆனார்கள். ஹகுஹோ வென்ற பட்டங்கள் 45. அவருடைய அப்பா மோங்க்பாத், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெள்ளி வாங்கியவர். அப்பா வழியில் பிள்ளை என்பது அங்கே பழகிப்போன கதை.

கூடைப்பந்திலும் அப்படி ஓர் அப்பாவும் பிள்ளையும் இருக்கிறார்கள். ஹுலானின் பாதை எவ்வளவு வேறானது என்பது புரிய இவர்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவின் பெயர் ஷரவ்ஜம்ட்ஸ். ஏழடி உயரம். அமெரிக்காவின் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் ஆடியவர். பந்தை விரலில் சுழற்றியும் தோளில் உருட்டியும் ஊர் ஊராகப் போய் வேடிக்கை காட்டும் அணி அது. அதிலிருப்பவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள், ஆனால் அது போட்டித் தொடர் இல்லை. ஏழடி உயரமுள்ள மங்கோலியருக்கு அன்று அமெரிக்காவில் திறந்த கதவு அதுதான்.

மகன் எங்கீன்-ஓத். 'அமைதியின் விண்மீன்' என்று பொருள். அமெரிக்காவில் அவரை மைக் ஷரவ்ஜம்ட்ஸ் என்று அழைக்கிறார்கள். அதாவது அவருடைய ஜெர்சியின் முதுகில் இருப்பது அப்பாவின் பெயர். மங்கோலிய வழக்கம் அமெரிக்கப் படிவத்தில் நுழைந்தபோது தானாக நடந்தது. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும். அப்பா வேடிக்கை ஆட்டம் காட்டிய நாட்டில், பல்கலைக்கழகப் போட்டியின் மேல்நிலைப் பிரிவில், அதே பெயர் புள்ளிப் பலகையில் வருகிறது. கல்லூரிக் கூடைப்பந்தின் அந்த முதல் பிரிவில் உதவித்தொகையோடு ஆடிய முதல் மங்கோலியர் அவர்தான். ஓஹையோவில் பள்ளி ஆட்டம், 2022இல் டேட்டன் பல்கலைக்கழகம், அப்புறம் சான் பிரான்சிஸ்கோ, யூட்டா, தென் கரோலினா. அமெரிக்க விதிகள் தளர்ந்த பிறகு கல்லூரி மாறுவது அங்கே சாதாரணம் என்றாலும், நான்கு வருடத்தில் நான்கு பயிற்சியாளரிடம் புதிதாக இடம் பிடிப்பது லேசான வேலையில்லை. அதோடு மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு விளம்பர வருமானம் வாங்குவதில் உள்ளூர் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகள் உண்டு.

இந்தப் பாதைக்கு முதல் நிபந்தனை உயரம். மைக் ஆறடி எட்டு அங்குலத்துக்குக் குறையாதவர். அப்பா ஏழடி. ஒரு நாட்டில் இப்படிப் பிறப்பவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால்தான் மங்கோலியக் கூடைப்பந்தின் கதையை இந்தக் குடும்பத்தோடு முடித்துவிட முடியாது என்கிறேன்.

இனி மூவர் ஆட்டம். 3×3 என்று எழுதுகிறார்கள். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா (கால்பந்தின் ஃபிஃபா வேறு) இதை முறைப்படுத்தி 2010 சிங்கப்பூர் இளையோர் ஒலிம்பிக்கில் கொண்டுவந்தது. 2017இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் இடம் கிடைத்தது. அரை மைதானம், ஒரே ஒரு கூடை. அணிக்கு மூன்று பேர், மாற்று ஆள் ஒருவர். ஆட்டம் பத்து நிமிடம், இல்லையென்றால் யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறார்களோ அதோடு முடிந்தது. பந்து கைக்கு வந்த 12 விநாடிக்குள் வீசியாக வேண்டும். ஐவர் ஆட்டத்தில் இதற்கு 24 விநாடி உண்டு. ஒரு அணி கூடை போட்டதும் ஆட்டம் நிற்காது. எதிரணி கூடைக்கு அடியிலிருந்தே பந்தை எடுத்து வளைகோட்டுக்கு (கூடையிலிருந்து தள்ளி, அதைச் சுற்றி வளைவாகப் போட்ட கோடு) வெளியே கொண்டுபோய்விட்டு உடனே தாக்கலாம். மூச்சுவிட நேரமில்லை. டோக்கியோவில் பயிற்சியாளர்கள் மைதான ஓரத்தில் நிற்கக்கூட இல்லை, பார்வையாளர் பகுதியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருக்கும் மூவரும் தாங்களே பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது புள்ளிக் கணக்கு. என்னைக் கேட்டால் மங்கோலியாவின் கதை முழுக்க இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ஐவர் ஆட்டத்தில் வளைகோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் 2, வெளியிலிருந்து போட்டால் 3. மூவர் ஆட்டத்தில் உள்ளிருந்து 1, வெளியிலிருந்து 2. பார்க்க ஏறக்குறைய ஒன்று போலத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடைக்கு அருகிலிருந்து வீசும் இரண்டில் ஒன்று விழும் என்று வைத்துக்கொள்வோம். ஐவர் ஆட்டத்தில் அதற்கு ஈடு கொடுக்க வெளியிலிருந்து வீசுபவர் மூன்றில் ஒன்று போட வேண்டும். மூவர் ஆட்டத்திலோ நான்கில் ஒன்று போட்டாலே போதும். வெளியிலிருந்து வீசும் பந்தின் மதிப்பு அவ்வளவு கூடிவிட்டது. கூடைக்கு அடியில் நிற்கும் ஆறரை அடி ஆளின் மதிப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. உயரம் குறைந்த, ஓயாமல் ஓடுகிற, தூரத்திலிருந்து குறி வைக்கத் தெரிந்த ஒருவருக்கு இந்த விதி கதவைத் திறந்துவிட்டது.

பந்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூவர் ஆட்டத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே பந்தில் ஆடுகிறார்கள். சுற்றளவு பெண்கள் பந்தான 6ஆம் அளவு, எடை ஆண்கள் பந்தான 7ஆம் அளவு. உள்ளரங்கில் சாதாரண 6ஆம் அளவுப் பந்தில் பழகிய பெண்ணுக்கு முதல் சில நாள் கை வலிக்கும், வீச்சு கூடைக்கு முன்னாலேயே விழும். ஆட்டம் பெரும்பாலும் திறந்த வெளியில். காற்றும் ஒரு எதிராளி. நான் கல்லூரியில் ஆடிய நாட்களில் உள்ளரங்கில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட பந்தெல்லாம் மொட்டை மைதானத்தில் வளையத்தைத் தொடாமல் போயிருக்கிறது. காற்றைக் கணித்து வீசுவது தனி வித்தை.

அடுத்தது தரவரிசை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஹுலான் ஒலிம்பிக்குப் போன கதையே புரியாது.

மூவர் கூடைப்பந்தில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியாகப் புள்ளி உண்டு, டென்னிஸ் மாதிரி. உலகச் சுற்றுப் போட்டியில் ஆடினாலும் புள்ளி, ஃபீபாவில் பதிவு செய்த உள்ளூர்ப் போட்டியில் ஆடினாலும் புள்ளி. கடந்த 12 மாதத்தில் ஆடியவற்றில் சிறந்த 9 போட்டிகளைக் கூட்டி அவருடைய தரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரு நாட்டின் முன்னணி ஆட்டக்காரர்களின் புள்ளிகளைச் சேர்த்தால் அந்த நாட்டின் தரம். ஆகவே ஒரு நாட்டில் இரண்டு நட்சத்திரங்கள் மட்டும் இருந்தால் போதாது. பெயர் தெரியாத நிறையப் பேர் சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். பணக்கார நாடுகள் பல ஆரம்பத்தில் இதைக் கண்டுகொள்ளவில்லை. மங்கோலியா கண்டுகொண்டது. அரை மைதானமும் ஒரு கூடையும் நான்கு பேரும் போதும் என்கிற ஆட்டம் அந்த நாட்டின் நிலைக்குப் பொருந்திப் போனது. குளிர் விலகும் அந்தச் சில மாதங்களில் ஊர் ஊராகப் போட்டி நடத்தினார்கள்.

டோக்கியோவுக்குப் பெண்கள் பிரிவில் எட்டு இடங்கள்தான். அவற்றில் நான்கை 2019 நவம்பர் நிலவரப்படி தரவரிசையை வைத்துக் கொடுத்தார்கள். அந்த நான்கு நாடுகள்: ரஷ்யா, சீனா, மங்கோலியா, ருமேனியா. அமெரிக்கப் பெண்கள் அணியே தகுதிப் போட்டி ஆடித்தான் உள்ளே வந்தது. 35 லட்சம் பேர் உள்ள நாடு வரிசையில் நின்று நேராக இடம் வாங்கியது. சிலர் இதைக் கணக்குப் புள்ளியில் கிடைத்த அதிர்ஷ்டம் என்று அப்போது பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விதி எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. அந்த விதிக்குள் அதிகம் ஆடியவர்கள் அதிகம் வாங்கினார்கள். மங்கோலியாவின் எத்தனையோ பெண்கள் உள்ளூர்ப் போட்டிகளில் சேர்த்த புள்ளிதான் ஹுலான் அணியின் விமானச் சீட்டு.

போட்டி நடந்தது ஜூலை கடைசியில், டோக்கியோவின் ஆவோமி கடற்கரைப் பகுதியில், கூரை மட்டும் போட்ட திறந்த அரங்கில். எட்டு அணிகளும் ஒன்றோடொன்று மோதி, முதல் ஆறு அணிகள் மேலே போகும் முறை. மங்கோலியா அந்த ஆறுக்குள் வரவில்லை. தங்கம் அமெரிக்காவுக்கு, வெள்ளி ரஷ்ய ஒலிம்பிக் குழுவுக்கு, வெண்கலம் சீனாவுக்கு. இதைத் தோல்வி என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பிறகு நடந்தது எதுவும் விளங்காது. அமெரிக்க அணியில் இருந்தவர்கள் அந்நாட்டுப் பெண்கள் தொழில்முறைத் தொடரான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஆடியவர்கள். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் பின்னால் பெரிய தொழில்முறைத் தொடர்கள் இருக்கின்றன. மங்கோலியப் பெண்களுக்கு அந்த எட்டு அணிகளின் வரிசையில் நிற்பதே அதுவரை யாரும் நடக்காத வழி.

சரி, பிழைப்பு எப்படி? கேள்வியின் முக்கியமான பகுதி அதுதான்.

மூவர் கூடைப்பந்தில் மாதச் சம்பளம் தரும் ஒரே பெரிய முதலாளி என்று யாருமில்லை. ஆண்களுக்கு ஃபீபாவின் உலகச் சுற்று 2012இலிருந்து நடக்கிறது. அணிகள் நகரத்தின் பெயரில் பதிவு செய்துகொள்ளும், கூடவே புரவலர் பெயரும் ஒட்டிக்கொள்ளும். மங்கோலிய ஆண்கள் அணியின் பெயரே 'உலான்பாதர் எம்.எம்.சி. எனர்ஜி' என்றுதான் இருந்தது. டெல்கெர்ன்யாம் தவாசம்பூ, டுல்கூன் எங்க்பாத் போன்றவர்கள் அந்த அணிக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து ஆடியவர்கள். 2017இல் உலான்பாதரில் நடந்த ஆசியக் கோப்பையில் மங்கோலிய ஆண்கள் தங்கம் வென்றார்கள். பெண்களுக்கான உலகத் தொடர் 2019இல்தான் தொடங்கியது. பரிசுத் தொகை உண்டு, ஆனால் பெண்கள் பக்கம் அது நீண்ட காலம் மெலிந்தே இருந்தது. நகரப் பெயருக்குப் பதில் பெரும்பாலும் நாட்டின் பெயரிலேயே அணிகள் ஆடுகின்றன. ஆக, பெண் ஆட்டக்காரரின் வருமானம் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. கூட்டமைப்பின் ஆதரவு, புரவலர், உள்நாட்டு ஐவர் ஆட்டக் கழகம், பரிசுப் பணம் என்று பல கிளைகள்.

இதில் உள்ள ஆபத்தைச் சொல்ல வேண்டும். தரப்புள்ளி ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். முழங்கால் பிசகி எட்டு மாதம் படுத்துவிட்டால் புள்ளி கரைந்துபோகும். குழந்தை பெற்றுக்கொள்ள ஒரு பருவம் விலகினாலும் அதே கதிதான். திரும்பி வரும்போது ஏறிய படிக்கட்டை மறுபடியும் கீழிருந்து ஏற வேண்டும். நான்கு பேர் அணி என்பதால் ஒருவர் விழுந்தால் கால்வாசி அணி போய்விட்டது என்று பொருள். இந்த நிலையில் ஹுலான் டோக்கியோவிலிருந்து இன்றுவரை தேசிய அணியின் தூணாக நிற்கிறார் என்பதைத்தான் நான் அவருடைய பெரிய சாதனையாகக் கருதுகிறேன். பதக்கத்தைவிடப் பெரியதாக.

ஆண்களுக்கு வேறு சில வழிகளும் உண்டு. உள்நாட்டில் 'தி லீக்' என்ற ஐவர் தொழில்முறைத் தொடர் நடக்கிறது. அதிலுள்ள ஜாவ்கான் பிரதர்ஸ் என்ற அணி 2025-26 பருவத்தில் கிழக்காசிய சூப்பர் லீகில் ஜப்பான், தென் கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ் அணிகளோடு சேர்ந்துகொண்டது. ஜாவ்கான் என்பது மேற்கில் இருக்கும் ஒரு மாகாணத்தின் பெயர். இன்னொரு வழி, வெளிநாட்டுக் குடியுரிமை. தென் கொரியாவின் கே.சி.சி. அணியில் ஆடும் லீ குன்-ஹ்வி மங்கோலியாவில் பிறந்தவர். கொரியக் குடியுரிமை பெற்று, ஹன்யாங் பல்கலைக்கழகத்தில் ஆடி, தூரத்திலிருந்து போடுவதில் பேர் வாங்கினார். பெண்களுக்கு இந்தக் கதவுகளெல்லாம் இவ்வளவு அகலமாகத் திறக்கவில்லை. அவர்களுக்குத் தேசிய மூவர் அணிதான் பெரிய மேடை.

டோக்கியோவுக்குப் பிறகு அந்த மேடையில் என்ன நடந்தது? 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூவர் கூடைப்பந்தில் மங்கோலியப் பெண்கள் இறுதிக்குப் போய்ச் சீனாவிடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள். ஆண்கள் தென் கொரியாவை வென்று வெண்கலம் வாங்கினார்கள். ஒரே விளையாட்டின் இரு பிரிவிலும் பதக்க மேடை. அதற்கு அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் இடமே கிடைக்கவில்லை, இரண்டு பிரிவிலும். மீண்டும் எட்டே எட்டு இடங்கள், அதற்குள் உலகம் முழுக்க இந்த ஆட்டத்தின் மதிப்பு தெரிந்துவிட்டது. ஜெர்மனி, ஸ்பெயின், ஆஸ்திரேலியா, கனடா, அஜர்பைஜான் எல்லாம் உள்ளே வந்தன. பாரிஸில் பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது ஜெர்மனி. ஆரம்பத்தில் கண்டுகொள்ளாமல் இருந்த நாடுகள் விழித்துக்கொண்டால் சின்ன நாட்டுக்கு எவ்வளவு நெருக்கடி என்பதற்கு அந்த வருடம் சாட்சி. பல அணிகள் அங்கே கலைந்துபோயிருக்கும்.

மங்கோலிய அணி கலையவில்லை. 2025 ஜூனில் மூவர் கூடைப்பந்தின் உலகக் கோப்பையே உலான்பாதருக்கு வந்தது.

அந்த ஊரின் நடுவில் சுக்பாதர் சதுக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் அரசு மாளிகை, அதன் முகப்பில் அமர்ந்த நிலையில் செங்கிஸ்கான் சிலை. சதுக்கத்தின் நடுவில் குதிரை மேல் சுக்பாதர். மறுபடியும் ஒரு 'பாதர்'. அந்தச் சதுக்கத்தில் தற்காலிக அரங்கம் கட்டி, ஆண்கள் இருபது அணி, பெண்கள் இருபது அணி என்று ஆட வைத்தார்கள். நான் அந்த ஒரு வாரமும் வேலை முடிந்து வந்து ஆட்டங்களைத் திரையில் பார்த்தேன். மூவர் ஆட்டத்தில் பொதுவாக இசைத்தட்டு போடுபவர் சத்தம்தான் கூட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். உலான்பாதரில் கூட்டத்தின் சத்தம் அதை மூழ்கடித்தது. சொந்த அணி பந்தைத் தொட்டாலே அரங்கம் எழுந்து நின்றது.

ஹுலானும் ஆரியுன்ட்செட்செக், நந்தின்ஹுசெல், ட்செரென்ல்காம் ஆகியோரும் அடங்கிய அணி இறுதிவரை போனது. இறுதியில் நெதர்லாந்து வென்றது. மங்கோலியாவுக்கு வெள்ளி. கொடி பிடித்து நடந்த அந்தப் பார்வையாளரில்லா இரவிலிருந்து நான்கு வருடம் கூட ஆகவில்லை. இம்முறை சொந்த ஊர், சொந்தச் சதுக்கம், நிரம்பிய கூட்டம்.

உயரத்தைப் பற்றி மேலே நிறையச் சொல்லிவிட்டேன், அதனால் இதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்துப் பெண்கள் உலகிலேயே உயரமானவர்களில் சேர்த்தி. இறுதி ஆட்டத்தில் அந்த உயரம் கணக்கில் வந்தது. விதி தூர வீச்சுக்குச் சலுகை தருகிறது என்பது உண்மை, ஆனால் வீசும் கைக்கு எதிரே நீளமான கை நீண்டு நின்றால் சலுகை சுருங்கும். அதைத் தாண்ட இரண்டே வழிகள். ஒன்று, கூட்டாளி உடலால் மறித்துத் தரும் நொடிப்பொழுதுக்குள் வீசிவிடுவது. இரண்டு, எதிராளி களைத்துப்போகும்வரை ஓட வைப்பது. மங்கோலியர்கள் பல வருடமாக நம்பியிருப்பது இந்த இரண்டையும்தான். மற்ற நாடுகள் அதே வித்தையைக் கற்றுக்கொள்ளும்போது மூன்றாவது வழி ஒன்றை அவர்கள் கண்டுபிடித்தாக வேண்டும். உயரமான பெண்களைப் பள்ளி வயதிலேயே தேடி எடுத்து இந்த ஆட்டத்துக்குப் பழக்குவது அந்த வழியாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர் என்.பி.ஏ.வை அளவுகோலாக வைத்திருந்தார். அந்த அளவுகோலில் வைத்தால் ஷரவ்ஜம்ட்ஸ் குடும்பம்தான் கண்ணில் படும், அவர்களும் வாசல்வரை போனவர்களாகத்தான் தெரிவார்கள். மைக் இன்னும் இளைஞர், அவர் எங்கே போய்ச் சேர்வார் என்பது அவர் கையில் இருக்கிறது. ஆனால் இன்று மங்கோலியாவின் கிராமப்புறத்தில், வட்டக் கூடார வீட்டுக்குப் பக்கத்தில் நட்ட கம்பத்தில் வளையம் மாட்டிப் பந்து போடும் பத்து வயதுப் பெண் குழந்தை யாரைப் போல ஆக முடியும் என்று கேட்டால், நான் ஹுலானைத்தான் காட்டுவேன். அதற்கு ஏழடி உயரமோ அமெரிக்க விசாவோ வேண்டாம்.

பார்க்க ஆசை இருந்தால், உலகக் கோப்பை ஆட்டங்களின் முழுப் பதிவுகளையும் ஃபீபாவின் மூவர் கூடைப்பந்து அலைவரிசை யூடியூபில் இலவசமாகப் போடுகிறது. ஒரு ஆட்டம் சுமார் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். 2025 பெண்கள் இறுதி ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். பந்து எங்கே போகிறது என்பதை முதல் முறை பாருங்கள். இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டு, பந்து கையில் இல்லாத மங்கோலிய ஆட்டக்காரர்கள் எங்கிருந்து எங்கே ஓடுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.